ஓய்வெடுத்தால் அபராதமா?

ஆடவில்லை என்பதற்காக அபராதம்! ஆயிரம், ஐயாயிரம் அல்ல. இரண்டரை இலட்சம் டாலர்! களவாடினார்களா? இல்லை. காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றார்களா? அதுவும் இல்லை. களைத்துப்போன நான்கு ஆட்டக்காரர்களை ஒரு பயிற்சியாளர் விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

நடந்த இடம் அமெரிக்கா. நாள், 2012 நவம்பர் 29. என்.பி.ஏ. என்று உலகம் அறிந்த கூடைப்பந்து அமைப்பில், ஸான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி மயாமி நகருக்குச் சென்று ஹீட் அணியை எதிர்த்து ஆடவேண்டிய நாள். ஐந்து இரவுகளில் அது நான்காவது ஆட்டம். ஊர் ஊராகச் சுற்றிய அந்தப் பயணத்தில் ஆறாவது ஆட்டம். டிம் டங்கன், டோனி பார்க்கர், மானு ஜினோபிலி, டேனி கிரீன் ஆகிய நால்வரும் இன்று ஆடவேண்டாம், ஊர் திரும்பட்டும் என்று முடிவு செய்தார் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச். அன்றோ நாடு முழுவதும் டெலிவிஷனில் காட்டப்படும் ஆட்டம்! விடுவாரா அமைப்பின் தலைவர் டேவிட் ஸ்டெர்ன்? இரசிகர்களுக்கும் அமைப்புக்கும் கேடு செய்துவிட்டீர்கள், உரிய நேரத்தில் சொல்லவும் இல்லை என்று குற்றம் சாட்டி, அபராதத் தாளை நீட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், நட்சத்திரங்கள் இல்லாத அந்த அணி அன்று சரணாகதி அடைந்துவிடவில்லை. மல்லுக்கு நின்று, 105–100 என்ற கணக்கில்தான் தோற்றது. கொட்டகையில் இருந்தோர் பார்த்தது நல்ல ஆட்டம். ஆனாலும் அபராதம் அபராதம்தான்!

அன்று மூண்ட சச்சரவு இன்றும் தீரவில்லை. நட்சத்திர ஆட்டக்காரரை எத்தனை நிமிடம் ஆடவிடுவது, எத்தனை நாள் உட்காரவைப்பது, அவர் உடலையும் காத்து ஆட்டத்தையும் வெல்வது எப்படி? இதைப் பயிற்சியாளரின் திறமைப் பிரச்சினை என்கிறார்கள் சிலர். பணக்கார ஆட்டக்காரர்களின் சோம்பல் என்கிறார்கள் வேறு சிலர். நாம் இரண்டையும் ஏற்பதற்கில்லை. இது வேலைநேரப் பிரச்சினை. தொழிற்சங்கம் என்றால் என்னவென்று அறிந்த எவருக்கும் இரண்டே நிமிடத்தில் விளங்கக்கூடிய பிரச்சினை.

முதலில் கணக்கைப் பாருங்கள். என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒவ்வோர் அணியும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடவேண்டும். பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். இந்த 82 என்ற எண் 1967–68ல் வந்தது. இன்றுவரை, கதவடைப்பும் கொள்ளைநோயும் குறுக்கிட்ட சில ஆண்டுகள் நீங்கலாக, அசையாமல் நிற்கிறது. ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடம். ஆக, ஓர் அணி ஓராண்டில் 3,936 நிமிடம் களத்தில் நிற்கிறது. அத்துடன் முடிந்ததா? இல்லை. மேலே செல்லும் அணிகளுக்கு வெளியேற்றுச் சுற்றுகள் நான்கு. ஒவ்வொன்றும் ஏழு ஆட்டம்வரை நீளலாம். அது ஜூன் வரை இழுக்கும். இரவு ஓர் ஊரில் ஆடி முடித்து, நள்ளிரவில் விமானம் ஏறி, விடியும் வேளையில் வேறோர் ஊரின் விடுதியில் இறங்கி, அன்று மாலையே மறுபடி ஆடும் நாட்களும் உண்டு. ஒரு காலத்தில் இத்தகைய அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள் ஓர் அணிக்கு ஆண்டில் சராசரி 19க்கு மேல் இருந்தன. பிறகு 14 அளவுக்குக் குறைத்தார்கள். ஐந்து இரவில் நான்கு ஆட்டம் என்னும் கொடுமையை 2017–18ல் ஒழித்தார்கள். குறைத்தது நல்லது. ஏன் குறைத்தார்கள்? களைப்பு உண்டு என்பதை ஒப்புக்கொண்டதால்தானே!

இந்தச் சக்கரத்துக்குள் அகப்பட்டுக்கொண்டவர் பயிற்சியாளர். அவர் நிலையையும் நினைத்துப் பார்க்கவேண்டும். சிறந்த ஆட்டக்காரரை 38 நிமிடம் ஆடவிட்டால் இன்றைய ஆட்டம் கைக்கு வரும். அவர் முழங்கால் ஏப்ரலில் வீங்கும். 30 நிமிடத்தோடு நிறுத்தினால் முழங்கால் பிழைக்கும். இரண்டு ஆட்டம் கைநழுவும். இரண்டு ஆட்டம் நழுவினால் அணிவரிசையில் இடம் இறங்கும். வெளியேற்றுச் சுற்றில் சொந்த ஊரில் ஆடும் வாய்ப்புப் போகும். பயிற்சியாளரின் வேலையே போனாலும் போகும். ஆகவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காலம் கழிக்கிறார் மனிதர். இரு நட்சத்திரங்கள் இருந்தால், ஒருவர் உட்காரும்போது மற்றவர் ஆடும்படி மாற்றி மாற்றி இறக்குகிறார். இருபது புள்ளி முன்னணி கிடைத்துவிட்டால் கடைசிக் கால்பகுதியில் நட்சத்திரத்தைத் துண்டைப் போர்த்தி உட்காரவைக்கிறார். அப்படி உட்காரவைக்காததால் வந்த வினை ஒன்றைச் சொல்கிறோம், கேளுங்கள்.

சிகாகோ நகரம். 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் வீதிக்கு வந்த அதே சிகாகோ. அந்த மே நாளைத்தான் 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடினார். அந்த நகரிலேயே பிறந்து, அந்த நகரின் புல்ஸ் அணிக்கே ஆடியவர் டெரிக் ரோஸ். 2011ல், 22 வயதில், ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். அந்த வயதில் அதைப் பெற்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த ஆண்டு கோடையில் முதலாளிகள் கதவடைப்பு அறிவித்தனர். வருவாயில் தொழிலாளிக்கு, அதாவது ஆட்டக்காரருக்கு, எத்தனை பங்கு என்ற சண்டை. டிசம்பரில்தான் கதவு திறந்தது. திறந்ததும் என்ன செய்தார்கள்? இழந்த ஆட்டங்களை இழந்ததாகவே விட்டார்களா? டிசம்பர் 25ல் தொடங்கி, நான்கே மாதத்துக்குள் 66 ஆட்டங்களைத் திணித்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஆடிய அணிகளும் உண்டு.

ரோஸ் அந்த 66ல் 39 ஆட்டமே ஆட முடிந்தது. முதுகு, இடுப்புக் கவட்டை, கணுக்கால் என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. 2012 ஏப்ரல் 28, வெளியேற்றுச் சுற்றின் முதல் ஆட்டம். எதிரே பிலடெல்பியா. ஆட்டம் முடிய 1 நிமிடம் 22 வினாடி. சிகாகோ 12 புள்ளி முன்னணி. வெற்றி ஏறக்குறைய முடிந்த கதை. ரோஸ் இன்னும் களத்தில்! கூடையை நோக்கிப் பாய்ந்தார், தாவினார், விழுந்தார். முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் தசைநார் கிழிந்தது. அடுத்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை. திரும்பி வந்தபோது பழைய ரோஸ் வரவேயில்லை. அதே நாளில், மயாமியில், நியூயார்க் அணியின் இமான் ஷம்பர்ட் என்ற இளைஞருக்கும் அதே தசைநார் கிழிந்தது.

அந்த 82 வினாடியால்தான் கிழிந்தது என்று நாம் சத்தியம் செய்யவில்லை. முன்னணி கரைந்துவிடும் என்று அஞ்சிய பயிற்சியாளர் டாம் திபடோவைக் கொடியவர் என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. வெளியேற்றுச் சுற்றில் 12 புள்ளி கரைந்த கதைகள் உண்டு. நாம் சொல்வது வேறு. கதவை அடைத்தது முதலாளி. இழந்த வசூலை மீட்க ஆட்டங்களை நெருக்கியது முதலாளி. படுத்தது ரோஸ். மருத்துவமனைக் கட்டிலில் எந்த அணியின் முதலாளியும் படுக்கவில்லை!

இனி பாப்போவிச்சிடம் திரும்புவோம். அபராதம் கட்டிய மனிதர் திருந்தினாரா? இன்னும் முரண்டு பிடித்தார் என்பதுதான் உண்மை. 2013–14ல் அவருடைய அணியில் எந்த ஆட்டக்காரருக்கும் சராசரி 30 நிமிடம் கிடையாது. என்.பி.ஏ. வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அப்படி ஆடியதில்லை. ஆட்டக்காரர்களுக்கு நிமிடத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார். டங்கனும் பார்க்கரும் பெற்ற ஓய்வு, பெஞ்சில் இருந்தவர்களுக்கு வேலையாயிற்று. வேலை செய்யச் செய்ய அவர்களும் கைதேர்ந்தனர். விளைவு? 62 வெற்றி, அந்த ஆண்டில் அதற்குமேல் வென்றவர் எவரும் இல்லை. இறுதிப் போட்டியில் எதிரே வந்தது யார் தெரியுமா? அதே மயாமி! முந்தைய ஆண்டு இறுதியில் ஏழாவது ஆட்டம்வரை இழுத்துத் தங்களைத் தோற்கடித்த மயாமியை, இம்முறை 4–1 என்று சுருட்டினர். அப்போது டங்கனுக்கு வயது 38. தொடக்க ஆண்டுகளில் ஆட்டத்துக்கு 39, 40 நிமிடம் ஆடியவரை, 2010–11லேயே 28 நிமிடத்துக்கு இறக்கி வைத்திருந்தார் பாப்போவிச். அந்த மனிதர் 40 வயதுவரை ஆடினார், ஐந்து பட்டங்களோடு ஓய்வு பெற்றார். 2012 மார்ச்சில் ஒருநாள் டங்கனை உட்காரவைத்தபோது, ஆட்டக் குறிப்பேட்டில் அவர் ஆடாத காரணம் “வயதாகிவிட்டது” என்று பதிவாகியது! ஸான் அன்டோனியோவில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். பாப்போவிச் செய்தது இரண்டு. ஒன்று, ஆட்டத்தையே தவிர்க்க வைத்தது. மற்றொன்று, ஆடும் ஆட்டத்தில் நிமிடத்தைக் குறைத்தது. முதலாவதுக்கு ஊரே கூச்சல் போட்டது; இரண்டாவதுக்கு எவரும் மூச்சு விடவில்லை. 28 நிமிடம் ஆடும் நட்சத்திரத்தைப் பார்க்க வந்த பையன் ஏமாறுவதில்லை. சைபர் நிமிடம் ஆடினால்தான் ஏமாறுகிறான். ஆகவே, முடிந்தவரை நிமிடத்தைக் குறையுங்கள், முடியாதபோது மட்டும் ஆட்டத்தைத் தவிருங்கள் என்போம் நாம். ஆனால் அதற்குப் பத்துப் பேரை நம்பும் நெஞ்சம் வேண்டும். இரு நட்சத்திரங்களுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்ச இடங்களைக் கிடைத்த ஆளைக்கொண்டு நிரப்பும் அணிகளுக்கு அந்த வழி திறக்காது.

இரசிகன் பக்கம் நியாயம் இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. மேற்குப் பிரிவு அணி ஒன்று கிழக்குப் பிரிவு ஊர் ஒன்றுக்கு ஆண்டில் ஒரே ஒரு முறைதான் வரும். அந்த ஒருநாளுக்காக மாதக்கணக்கில் காசு சேர்த்து, பிள்ளையைத் தோளில் தட்டி அழைத்துவரும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பல ஊர்களில் நட்சத்திரம் வரும் நாளில் டிக்கெட் விலையும் ஏறிவிடுகிறது. உள்ளே போய் உட்கார்ந்தபின் அவர் ஆடமாட்டார் என்று தெரிகிறது. ஏறிய விலை இறங்குமா? ஒரு காசும் திரும்பாது! 2017 மார்ச்சில் ஒரே வார இடைவெளியில் இரண்டு சனிக்கிழமைகள் இப்படி நடந்தது. முதலில் கோல்டன் ஸ்டேட் அணி தன் பெரிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்தது. அடுத்து கிளீவ்லாந்து அணி லெப்ரான் ஜேம்ஸ், கைரி இர்விங், கெவின் லவ் மூவரையும் உட்காரவைத்தது. இரண்டும் நாடு தழுவிய டெலிவிஷன் ஆட்டங்கள். அந்த ஆண்டே ஓய்வுக்கு விதி வந்தது.

அந்த விதியை 2023 செப்டம்பரில் மேலும் இறுக்கினர், இன்றைய தலைவர் ஆடம் சில்வர் காலத்தில். முந்தைய மூன்று ஆண்டுகளில் சிறப்பு அணிகளுக்குத் தேர்வானவரே நட்சத்திரம் என்று இலக்கணம் வகுத்தனர். காயமில்லாத இரு நட்சத்திரங்களை ஒரே ஆட்டத்தில் உட்காரவைக்கக்கூடாது. டெலிவிஷன் ஆட்டங்களில் அவர்கள் கட்டாயம் வரவேண்டும். ஓய்வு கொடுப்பதானால் வெளியூரில் அல்ல, கூடியவரை சொந்த ஊரில் கொடுக்கவேண்டும். மீறினால் முதல் முறை 1 இலட்சம் டாலர், இரண்டாம் முறை இரண்டரை இலட்சம், அதற்குமேல் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடப் பத்து இலட்சம் கூடுதல்!

சொந்த ஊரில் ஓய்வு என்ற விதியை வரவேற்கிறோம். ஆண்டுக்கு 41 நாள் பார்க்கும் உள்ளூர் இரசிகன் ஒருநாள் பொறுப்பான். ஒரே நாள் பார்க்கும் வெளியூரான் பொறுக்கமாட்டான். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டெலிவிஷன் ஆட்டத்துக்கு மட்டும் தனிச் சட்டம் எதற்கு? டெலிவிஷனில் காட்டாத ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவன் மனிதன் இல்லையா? இரசிகனுக்காகக் கண்ணீர் வடிக்கும் கனவான்களின் கண், விளம்பரதாரர் இருக்கும் பக்கமே திரும்பியிருக்கிறது!

அதே விதியில் இன்னொரு வரி உண்டு. 35 வயதை எட்டியவர், அல்லது மொத்தம் 34,000 நிமிடம் ஆடியவர், அல்லது 1,000 ஆட்டம் ஆடியவர், முன்கூட்டியே அனுமதி பெற்று, அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் ஒன்றைத் தவிர்க்கலாம். அப்படியானால் உடலுக்கு நிமிடக் கணக்கு உண்டு என்பதை நிர்வாகமே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது! 34,000வது நிமிடத்தில் திடீரென்று முழங்கால் தேய்ந்துவிடுகிறதா? 33,999வது நிமிடம்வரை இரும்பாகவா இருந்தது? கேட்டால் பதில் வராது.

இதைவிடக் கொடிது 65 ஆட்ட விதி. 2023 ஒப்பந்தத்தில் புகுந்தது. ஒருவர் குறைந்தது 65 ஆட்டம் ஆடினால்தான் ஆண்டின் பெரிய விருதுகளுக்குத் தகுதி. ஆட்டம் என்று கணக்கில் சேர, விலக்கான ஓரிரண்டு தவிர, 20 நிமிடமாவது களத்தில் நிற்கவேண்டும். விருதுதானே, போனால் போகட்டும் என்பீர்களோ? அங்கேதான் கொக்கி. விருதோடு சம்பளத்தைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இண்டியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்டன் 2024 ஜனவரியில் தொடைப் பின்தசையில் காயம் பட்டார். அந்த ஆண்டின் சிறப்பு அணியில் இடம்பெற்றால் அவருடைய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சுமார் 4 கோடி டாலர் கூடும்; இல்லாவிட்டால் கூடாது. அவர் திரும்பி வந்தார், நிமிடக் கட்டுப்பாட்டோடு ஆடினார், அந்த விதியை வெளிப்படையாகவே கண்டித்தார். 69 ஆட்டம் ஆடி அந்த இடத்தைப் பெற்றார். தசை ஆறட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டினால், எந்த மனிதன் காத்திருப்பான்? ஆலைகளில் முன்பு இதற்கு வருகைப் படி என்று பெயர். காய்ச்சலோடும் வேலைக்கு வரவைக்கும் தந்திரம்.

அதே ஹாலிபர்டனை அடுத்த ஆண்டு மீண்டும் பார்க்கிறோம். 2025 ஜூன் இறுதிப் போட்டி. ஐந்தாவது ஆட்டத்தில் வலது கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. ஆறாவதில் ஆடினார். ஜூன் 22, ஏழாவது ஆட்டம், ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக. முதல் கால்பகுதியிலேயே ஒன்பது புள்ளி எடுத்தார். பிறகு தரையைக் கையால் அறைந்தபடி விழுந்தார். கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண் அறுந்தது. மறு ஆண்டு முழுவதும் போயிற்று. மீண்டும் அந்த நிலை வந்தாலும் ஆடவே செய்வேன் என்ற கருத்தில் எழுதினார் அந்த இளைஞர். பட்டத்துக்கான ஏழாவது ஆட்டம். எந்த வீரன் உட்காருவான்? உட்காரச் சொல்லவும் நமக்கு மனம் வராது. அந்த வெளியேற்றுச் சுற்றுகளில் அக்கிலீஸ் அறுந்தவர் அவர் ஒருவர் அல்ல. ஏப்ரல் 27ல் டேமியன் லிலார்ட், மே 12ல் ஜேசன் டேட்டம், ஜூன் 22ல் ஹாலிபர்டன். எட்டே வாரத்தில் மூவர்! 2019லும் கெவின் டுரான்ட் இப்படியே கெண்டைக்கால் காயத்தோடு ஒரு மாதம் ஒதுங்கியிருந்து, இறுதிப் போட்டிக்குத் திரும்பி, 12 நிமிடம் ஆடி, அக்கிலீஸ் அறுந்து போனார். அன்று எதிர் அணியான டொரான்டோவில் இருந்தவர் காவாய் லெனார்ட். முந்தைய ஆண்டு தொடைக் காயத்தால் ஒன்பதே ஆட்டம் ஆடியவரை, டொரான்டோ 82ல் 60 ஆட்டமே ஆடவைத்தது. அவர் இல்லாத 22ல் அணி 17ஐ வென்றது. வெளியேற்றுச் சுற்றின் 24 ஆட்டத்திலும் அவர் நின்றார். பட்டம் கனடா நாட்டுக்குப் போயிற்று.

எனவே ஓய்வுதான் சர்வரோக நிவாரணி என்று நாம் முரசு அறையப்போவதில்லை. அதே லெனார்டுக்கு, அத்தனை கவனிப்புக்கும் பிறகு, 2021ல் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2024 ஜனவரியில் நிர்வாகம் அணிகளுக்கு அனுப்பிய ஆய்வறிக்கை, ஆட்டங்களைத் தவிர்ப்பதால் பின்னர் வரும் காயம் குறைந்ததாகப் பத்தாண்டுக் கணக்கில் தெரியவில்லை என்றது. தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒரு சங்கதி. யார் ஓய்வெடுக்கிறார்கள்? ஏற்கெனவே வலி உள்ளவர்கள். மருந்து சாப்பிடுவோரில் நோயாளிகள் அதிகம் என்பதால் மருந்தே வீண் என்பாருண்டோ? மேலும், வேலை கொடுப்பவரே தொகுத்த கணக்கு, வேலை மிகையில்லை என்று சொல்லும்போது தொழிற்சங்கம் பேனாவை எடுத்துக்கொண்டு தானும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது வழக்கம்.

“அந்தக் காலத்தில் வில்ட் சேம்பர்லேன் ஆடவில்லையா?” என்று கேட்கும் பெரியவர்கள் எந்நாட்டிலும் உண்டு. ஆடினார், மறுக்கவில்லை. 1961–62ல் 80 ஆட்டம், சராசரி 48.5 நிமிடம். ஆட்டமே 48 நிமிடந்தான். கூடுதல் நேரம் சேர்ந்ததால் அந்த அரை நிமிடம்! மலைக்கத்தக்க மனிதர். ஆனால் அன்று மூன்று புள்ளிக் கோடு கிடையாது. அது 1979–80ல்தான் வந்தது. அன்று பெரும்பாலோர் கூடைக்கருகில் நெருங்கி நின்றார்கள். இன்று களம் முழுவதும் விரிந்து, ஓடி, திடீரென நின்று, திரும்பி, மறுபடி பாயவேண்டும். நிற்கும் அந்த நொடியில்தான் முழங்கால் முழுச்சுமையை ஏற்கிறது. அந்தச் சேம்பர்லேனுக்கும் 1969 நவம்பரில் முழங்கால் தசைநாண் அறுந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பின் என்னதான் வழி? ஆட்டங்களைக் குறைப்பதே வழி. 82ஐ 72 ஆக்குங்கள். அதே ஆறு மாதத்தில் 72 என்றால் அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள் பெரும்பாலும் மறையும். ஓய்வெடுக்கும் காரணமே குறையும். டிக்கெட் வாங்கியவன் நட்சத்திரத்தைப் பார்ப்பான். கோல்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் இதைப் பலமுறை சொல்லிவிட்டார். எல்லோருக்கும் வருவாய் குறையும் என்று தெரிந்தே சொன்னார். 2025ல் சில்வர் வேறொரு யோசனையைத் தூவினார்: கால்பகுதியை 12 நிமிடத்திலிருந்து 10 ஆக்கலாமே என்று. 48 நிமிடம் 40 ஆகும். உலகின் பிற நாடுகளில் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு விமானப் பயணம்கூடக் குறையாது, ஒரு நாள் வசூலும் குறையாது. எதைத் தொடாமல் காப்பாற்றுகிறார் என்பது விளங்குகிறதல்லவா?

பணம் எங்கே போகும் என்று அலறுவர். பார்ப்போமே. 2016–17 முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு டெலிவிஷன் ஒப்பந்தம் 2,400 கோடி டாலர். 2025–26 முதல் பதினோர் ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர். ஆண்டுக்கு ஏறத்தாழ 267 கோடியாக இருந்தது, 690 கோடியாகிவிட்டது. பத்து ஆட்டம் என்பது எட்டில் ஒரு பங்கு. எட்டில் ஒரு பங்கைக் கழித்தாலும் பழைய தொகையைப்போல் இருமடங்குக்குமேல் மிஞ்சுகிறது. இதற்குமேலுமா ஒரு முழங்காலைப் பிழிய வேண்டும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதலாளிகள் மட்டுமே இதற்குக் காரணம் என்று எழுதினால் நம் வாசகர்கள் கைதட்டுவர். ஆனால் அது முழு உண்மையாகாது. கூடைப்பந்து வருவாயில் 49 முதல் 51 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்கே போகிறது. ஆட்டம் குறைந்தால் அவர்கள் பங்கும் குறையும். உச்சத்தில் இருப்பவர் ஆண்டுக்கு 5 கோடி டாலருக்குமேல் வாங்குகிறார். அவர்களுக்கா பரிவு என்று ஆலைத்தொழிலாளி கேட்டால், கேட்பது நியாயம். எட்டில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க அந்தச் சங்கம் முன்வரவில்லையென்றால், ஓய்வு உரிமை பற்றி அவர்கள் பேசும்போது பாதி பேர்தான் நம்புவார்கள். எட்டு மணி நேரம் கேட்டுச் சிகாகோவில் நின்றவர்கள், கூலியையும் இழந்து, உயிரையும் பணயம் வைத்துக் கேட்டார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது, அதை எவரும் பேசுவதில்லை. நட்சத்திரம் உட்காரும் இரவில் களத்தில் இறங்கும் பதினோராவது, பன்னிரண்டாவது ஆள். அணிக்கு முழு ஒப்பந்தக்காரர் 15 பேர். அவர்களுக்கும் கீழே, கீழ்ப்பிரிவுக்கும் மேல்பிரிவுக்கும் இடையே அலையும் மூவர். அந்த இரவு அவர்களுக்கு வாழ்வின் வாசல். மயாமியில் 105–100 வரை மல்லுக்கு நின்றவர்கள் இந்த இனத்தார்தான். நட்சத்திரத்தின் நிமிடத்தைக் குறைப்பது என்றால், இவர்களுக்கு நிமிடத்தைக் கொடுப்பது என்றும் பொருள்.

நடப்பு ஒப்பந்தம் 2029–30 வரை ஓடும். வேண்டுமானால் இரு தரப்பில் எவரும் ஓராண்டு முன்பே விலகலாம். ஆட்டக்காரர் சங்கம் அந்த மேசைக்குப் போகும்போது, கையில் எடுத்துச் செல்லும் தாளில் முதல் வரியாக 72 என்ற எண்ணை எழுதட்டும். அதற்கான தங்கள் பங்கு இழப்பையும் பக்கத்திலேயே எழுதட்டும். இரண்டாம் வரியில் 65 ஆட்ட விதியை அடிக்கட்டும். பிறகு முதலாளிகள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்போம்.